கூத்து வீடியோ ஏறாத ஹார்ட் டிஸ்க்: உள்ளே இருப்பதை அழிக்காமல் ஃபேட்32ஐ என்டிஎஃப்எஸ் ஆக்குவது

டிஸ்க்கில் 200 ஜிபிக்கு மேல் இடம் சும்மா கிடக்கிறது. 6 ஜிபி வீடியோ ஒன்றை ஏற்றப்போனால் ஃபைல் பெரிது என்று விண்டோஸ் மறுக்கிறது. மட்டக்களப்புப் பக்கத்துக் களுவாஞ்சிகுடியில் நான் கல்யாண வீடியோவும் கூத்து வீடியோவும் எடிட் செய்து கொடுக்கிறேன். இந்த முறைப்பாட்டோடு வருகிறவர்களுக்குக் குறைவில்லை, பலர் டிஸ்க் பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டிக்கொண்டே வருவார்கள். புதியது வாங்கச் சொல்லிக் கடைக்காரர் யாரோ ஏற்கெனவே ஆலோசனையும் கொடுத்திருப்பார். பழுது ஒன்றுமில்லை. அந்த டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய ஃபைல் சிஸ்டத்தில், அதாவது எந்த ஃபைல் எங்கே என்று கணக்கு வைக்கும் பழைய முறையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஃபேட்32 1996இல் விண்டோஸ் 95இன் திருத்திய பதிப்போடு வந்தது. ஒரு ஃபைலின் அளவை அது 32 பிட்டில் எழுதிவைக்கும். 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. ஆகவே எந்த ஃபைலும் அத்தனை பைட்டுக்கு மேல் போக முடியாது. 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. டிஸ்க் 1 டிபியாக இருந்தாலும் இதே கதைதான். 1996இல் வீட்டுக் கணினிகளின் முழு டிஸ்க்கே பெரும்பாலும் 4 ஜிபியை எட்டவில்லை என்பதால் அப்போது யாருக்கும் இது குறையாகத் தெரியவில்லை.

கூத்துக்காரருக்குத் தெரியும். கூத்து வகை வடமோடியோ தென்மோடியோ, இரவு தொடங்கினால் விடியும்வரை போகும். மினி டிவி என்ற சிறிய டிஜிட்டல் வீடியோ கசட்டில் எடுத்ததை அப்படியே கணினியில் இறக்கினால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி வரும். அந்தக் கணக்கில் 4 ஜிபி என்பது 20 நிமிடம்கூட இல்லை. ஒரு பாத்திரம் வரவாட்டம் என்ற அறிமுக ஆட்டத்தை முடித்துக் கதையைத் தொடங்குமுன் ஃபைல் அறுந்துவிடும். என்னிடம் டிஸ்க் கொண்டுவந்த அண்ணாவியார் (கூத்துப் பழக்கும் ஆசிரியர்) ஒருவர், நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன், ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் மத்தள அடி பாதியில் நிற்கிறது என்று குறைப்பட்டார். கசட்டை இறக்கிக் கொடுத்தவர் டிஸ்க்குக்கு ஏற்றபடி வெட்டித்தான் கொடுத்திருக்கிறார், வேறு வழியில்லை. மெமரி கார்ட் கமராக்களும் அப்படித்தான். 32 ஜிபி வரையான கார்ட்டுகள் ஃபேட்32இல் இருப்பதால் நீண்ட பதிவைக் கமரா தானாகவே 4 ஜிபிக்கு ஒருமுறை துண்டாக்கிக்கொள்ளும்.

"உள்ள கிடக்கிறது அழியாம மாத்தலாமா புள்ள?" என்று பெரியப்பா கேட்டார். மாற்றலாம். விண்டோஸுக்குள்ளேயே அதற்குக் கட்டளை இருக்கிறது, காசு கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. கட்டளை ஒரே வரி. அந்த வரிக்கு முன்னால் செய்யவேண்டியவைதான் நேரத்தைத் தின்னும்.

முதலில் உங்கள் டிஸ்க் உண்மையில் ஃபேட்32தானா என்று பாருங்கள். டிரைவின் மேல் வலது கிளிக் செய்து புரொப்பர்ட்டீஸைத் திறந்தால் ஃபைல் சிஸ்டம் என்ற வரியில் எழுதியிருக்கும். அங்கே எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தின் பெயர் இருந்தால் 4 ஜிபித் தடை உங்களுக்கு இல்லை, கோளாறு வேறெங்கோ. என்டிஎஃப்எஸ் என்று இருந்தாலும் அப்படியே. கணினியின் சி டிரைவைப் பற்றிக் கவலை வேண்டாம். விஸ்டாவிலிருந்து விண்டோஸ் என்டிஎஃப்எஸ்ஸில்தான் ஏறும். வெளியே கொழுவுகிற டிஸ்க், பழைய கணினியிலிருந்து கழற்றிய டிஸ்க், பென் டிரைவ் ஆகியவற்றில்தான் ஃபேட்32 இன்னும் ஒளிந்திருக்கிறது.

எதற்கு மாற்றுவது

இதை டிஸ்க்கைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. அந்த டிஸ்க் எந்தெந்த இயந்திரங்களில் கொழுவப்படப்போகிறது என்பதைக் கேட்க வேண்டும். நான் வாடிக்கையாளரிடம் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

என்டிஎஃப்எஸ் 1993இல் விண்டோஸ் என்டியோடு வந்தது. கணக்குப் பார்த்தால் ஃபேட்32ஐவிட மூன்று வயது மூத்தது. வீட்டுக் கணினிகளுக்குப் பரவலாக வந்தது 2001இல் எக்ஸ்பியோடு என்பதால் இளையதுபோலத் தெரிகிறது. 4 ஜிபித் தடை அதில் இல்லை. எங்கள் பக்கத்துக்கு அதைவிட முக்கியமானது இன்னொன்று. டிஸ்க்கின் அட்டவணையில் ஒரு மாற்றம் செய்யுமுன், செய்யப்போவதை ஒரு குறிப்பில் எழுதிவைத்துவிட்டுத்தான் அது கைவைக்கும். நடுவில் கரண்ட் போனால், வந்தபிறகு அந்தக் குறிப்பைப் பார்த்து அட்டவணையைச் சீராக்கிக்கொள்ளும். அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த வீடியோவின் உள்ளடக்கத்தை இது காப்பாற்றாது. அந்த ஒரு ஃபைல் போனால் போனதுதான். மற்ற ஃபைல்களின் இருப்பிடம் குழம்பாமல் இருக்கும். ஃபேட்32இல் இந்தக் குறிப்பு வேலையே கிடையாது. மின்வெட்டு வந்து போனபிறகு டிஸ்க்கைத் திருத்தினால், சிஎச்கே என்று முடியும் பெயரில்லாத துண்டுகள் ஒரு ஃபோல்டர் நிறையக் கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததே, அந்த நேரம் என் மேசைக்கு வந்த டிஸ்க்குகளில் பல இந்த நிலையில்தான் வந்தன.

எக்ஸ்ஃபேட் 2006இல் வந்தது. அதிலும் 4 ஜிபித் தடை இல்லை. விண்டோஸும் மேக்கும் புதிய போன்கள் பலவும் அதை வாசிக்கும், எழுதும். மேக் கணினி என்டிஎஃப்எஸ்ஸை வாசிக்கும், ஆனால் தானாக எழுதாது. ஆகவே வெளிநாட்டில் இருக்கும் மகன் மேக் வைத்திருக்கிறார், லீவில் வரும்போது இதே டிஸ்க்கில் படங்களை ஏற்றுவார் என்றால் எக்ஸ்ஃபேட்தான் சரி. ஆனால் கரண்ட் போனால் கைகொடுக்கும் அந்தக் குறிப்பு எக்ஸ்ஃபேட்டிலும் இல்லை. தவிர, ஃபேட்32ஐ எக்ஸ்ஃபேட்டாக அழிக்காமல் மாற்றும் கட்டளை விண்டோஸில் கிடையாது; ஃபோர்மட் பண்ணித்தான் ஆக வேண்டும். லினக்ஸ்காரருக்கு இந்தத் தலையிடி குறைவு. 2021இல் வந்த 5.15 கேர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) இருந்து என்டிஎஃப்எஸ்ஸுக்கு எழுதவும் வாசிக்கவும் உள்ளேயே வசதி இருக்கிறது, அதற்கு முன்பும் வேறு வழி இருந்தது.

என் தீர்ப்பு இதுதான்: வீட்டில் ஒரு விண்டோஸ் கணினியோடு கிடக்கிற டிஸ்க் என்றால் என்டிஎஃப்எஸ். கையில் எடுத்துக்கொண்டு பல இயந்திரம் ஏறி இறங்குகிற டிஸ்க் என்றால் எக்ஸ்ஃபேட்.

மாற்றவே கூடாதவையும் உண்டு. கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவரின் பென் டிரைவை மாற்றிவிடாதீர்கள். அவருடைய அம்ப்ளிஃபயரில் உள்ள யூஎஸ்பி துளை பெரும்பாலும் ஃபேட்32ஐ மட்டுமே அறியும். கொடியேற்றத்தன்று விடியற்காலையில் பாட்டு வராவிட்டால் ஏச்சு உங்களுக்குத்தான். பழைய டிவிடி பிளேயர், வேனில் பூட்டிய செட், பழைய டிவி எல்லாம் இதே ரகம். பாட்டு ஃபைல் ஒன்று 4 ஜிபி வரப்போவதில்லை, அவை ஃபேட்32இலேயே இருக்கட்டும்.

பிரதி எடுக்காமல் தொடாதீர்கள்

அழிக்காமல் மாற்றும் கட்டளை என்றுதானே சொன்னீர்கள், பிறகு ஏன் பிரதி? ஃபைல் சிஸ்டம் என்பது கடையின் கணக்குக் கொப்பி மாதிரி. மாற்றும்போது இறாக்கையில் உள்ள சாமான் இருந்த இடத்திலேயே இருக்கும். எது எங்கே என்று சொல்லும் கொப்பிதான் புதிதாக எழுதப்படுகிறது. டிஸ்க்கில் காலியாகக் கிடக்கும் இடத்தில் விண்டோஸ் புதிய கொப்பியை எழுதி முடித்துவிட்டு, கடைசியில் பழையதைக் கைவிட்டுப் புதியதைக் காட்டும். பெரும்பாலும் பிசகாமல் நடக்கும். ஆனால் எழுதும் நேரத்தில் டிஸ்க் முரண்டுபிடித்தாலோ வயர் கழன்றாலோ சாமான் உள்ளே இருந்தும் எடுக்க முடியாத நிலை வரலாம். அண்ணாவியாரின் டிஸ்க்கில் ஆடியவர்களில் சிலர் இப்போது இல்லை. அதைத் திரும்ப எடுக்க யாரையும் கூப்பிட முடியாது.

இன்னொரு கேள்வியும் வரும், அது நியாயமான கேள்வி. பிரதி எடுத்தாகிவிட்டதென்றால் பழையதை ஃபோர்மட் பண்ணிப் புதிதாக என்டிஎஃப்எஸ் ஆக்கி, எல்லாவற்றையும் திருப்பி ஏற்றலாமே? ஏற்றலாம், டிஸ்க்குக்கு அது இன்னும் சுத்தமான வழி. ஆனால் ஃபோர்மட் பண்ணிய நொடியில் இருந்து திருப்பி ஏற்றி முடிக்கும்வரை உலகத்தில் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு பிரதி. பல மணித்தியாலம் ஓடுகிற அந்த வேலையில் அந்த ஒன்று கீழே விழுந்தால் கதை முடிந்தது. கட்டளையால் மாற்றும்போது இரண்டு இடத்திலும் பொருள் இருக்கிறது, ஒன்றில்தான் ஆபத்து. ஆகவே கையில் ஒரே ஒரு பிரதி இருந்தால் கட்டளையால் மாற்றுங்கள். இரண்டு பிரதி இருந்தால் தாராளமாக ஃபோர்மட் பண்ணுங்கள். பிரதியே இல்லாவிட்டால் டிஸ்க்கை மூடிவைத்துவிட்டு, பிரதிக்கு இடம் தேடுங்கள்.

பிரதி எடுக்குமுன் டிஸ்க்கின் உடம்பு எப்படி என்று பாருங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் இலவசம். திறந்தவுடன் நீலத்தில் நல்லது என்று காட்டினால் சரி. மஞ்சள் நிறம் வந்து, ரீஅலோகேட்டட் செக்டர் அல்லது பெண்டிங் செக்டர் என்ற வரியில் பூச்சியத்துக்குப் பதில் வேறு எண் இருந்தால் அந்த டிஸ்க் தளரத் தொடங்கிவிட்டது. அப்படியான டிஸ்க்கின் ஃபைல் சிஸ்டத்தை மாற்றி யாருக்கு லாபம்? முக்கியமானதை முதலில், மற்றதைப் பிறகு என்று வெளியே எடுத்துவிட்டுப் புதிய டிஸ்க்குக்குப் போங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் நீங்களும் தொடாமல், நானும் தொடாமல், தரவு மீட்கிறவரிடம் கொடுப்பதுதான் வழி.

பிரதியை ஏற்றும் டிஸ்க் என்டிஎஃப்எஸ்ஸிலோ எக்ஸ்ஃபேட்டிலோ இருக்கட்டும். யூஎஸ்பி 2 துளையில் நொடிக்கு 30 எம்பி போனால் நல்ல வேகம்; 400 ஜிபிக்கு நான்கு மணித்தியாலத்துக்குக் கிட்டப் பிடிக்கும். உள்ளே நீல நிறம் உள்ள துளை பெரும்பாலும் யூஎஸ்பி 3. டிஸ்க்கும் வயரும் அதற்கு ஏற்றதாக இருந்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடியலாம். எப்படியும் லப்டொப்பைத் தூங்கவிடாதபடி செட்டிங்கில் மாற்றிவிடுங்கள். டிஸ்க்கைக் கட்டிலிலோ தலையணை மேலோ வைக்காமல் மேசையில் படுக்கவையுங்கள். எங்கள் ஊர் கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் பகலில் மேசையே கொதிக்கும்; நான் இந்த வேலையை இரவில்தான் வைத்துக்கொள்வேன்.

ஏறி முடிந்ததும் இரண்டு பக்கத்திலும் எல்லா ஃபோல்டர்களையும் தெரிவுசெய்து புரொப்பர்ட்டீஸைப் பாருங்கள். ஃபைல்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். அளவு என்ற வரியில் உள்ள பைட் எண்ணும் கடைசி இலக்கம்வரை ஒன்றாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே டிஸ்க்கில் பிடிக்கும் அளவு என்று இன்னொரு வரி இருக்கும். அது மாறுபடும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பிறகு பிரதியில் இருந்தே நாலைந்து பெரிய வீடியோக்களைத் திறந்து, நடுவுக்கும் கடைசிக்கும் இழுத்து ஓடவிடுங்கள். அண்ணாவியார் இந்தக் கட்டத்தில் என் பக்கத்தில் கதிரை போட்டு அமர்ந்துவிட்டார். இழுக்கிற இடமெல்லாம் "விடு, விடு, இந்தத் தரு முடியட்டும்" என்று கூத்துப் பாட்டை நிறுத்தவிடாமல் சொன்னால் வேலை எப்படி நடக்கும்? ஆனாலும் சோதிப்பதற்கு அவரைவிடச் சிறந்த ஆள் இல்லை. ஒரு தாளம் பிசகினாலும் பிடித்துவிடுவார்.

சோதித்த பிரதியை அதே வீட்டில் வைக்காதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் எத்தனை குடும்பங்கள் ஒரு கல்யாணப் படம்கூட மிஞ்சாமல் நின்றன என்பது இங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீடு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் என்றால் பிரதி மேற்கே படுவான்கரையில் சொந்தக்காரர் வீட்டு அலுமாரியில் இருக்கட்டும். வாவியைத் தாண்டி ஒரு பயணம், அவ்வளவுதான்.

கரண்ட்

லப்டொப்புக்குச் சொந்த பட்டரி இருக்கிறது. கையடக்கமான சிறிய டிஸ்க் யூஎஸ்பி வயரில் இருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும். ஆகவே லப்டொப்பும் சிறிய டிஸ்க்கும் என்றால் மின்வெட்டுக்குப் பயமில்லை, பட்டரி நிறைந்திருந்தால் போதும். சிக்கல் பெரிய டிஸ்க்கில். தனி அடப்டரைச் சுவரில் கொழுவும் பெரிய டிஸ்க் என்றால், கரண்ட் போகும்போது லப்டொப் நிமிர்ந்து நிற்கும், டிஸ்க் விழுந்துவிடும். யூபிஎஸ்ஸில் கணினியை மட்டும் கொழுவிவிட்டு டிஸ்க்கின் அடப்டரைச் சுவரில் விடுகிறவர்கள் அதிகம். அடப்டரும் யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். மாரி காலத்தில் இடி முழங்கும் பின்னேரத்தில் இதைத் தொடங்கவே வேண்டாம்.

மாற்றுவது

பிரதி உள்ள டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். மற்ற பென் டிரைவ்களையும் கழற்றுங்கள். மாற்றவேண்டிய டிஸ்க் மட்டும் கணினியில் இருக்கட்டும். எழுத்து மாறி வேறொன்றில் கைவைக்கும் ஆபத்து அப்போது இல்லை. அதன் எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈ என்று வைத்துக்கொள்வோம். டிஸ்க்கின் பெயரையும் பாருங்கள். அது நீளமாகவோ விசித்திரமாகவோ இருந்தால் வலது கிளிக் செய்து, ஆங்கில எழுத்தில் நாலைந்து எழுத்துக்குள் ஒரு பெயராக மாற்றிவிடுங்கள். இந்தப் பெயரைக் கட்டளை உங்களிடம் கேட்கும், கறுப்புத் திரையில் தமிழில் தட்டுவது பெரும்பாடு.

டிஸ்க்கில் கொஞ்சம் காலி இடமும் வேண்டும். நான் பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். விளிம்புவரை நிறைந்த டிஸ்க் என்றால் புதிய அட்டவணையை எழுத இடமில்லை என்று கட்டளை நின்றுவிடும். பிரதிதான் இருக்கிறதே, சில பெரிய ஃபைல்களை இதில் இருந்து அழித்துவிட்டுப் பிறகு திருப்பி ஏற்றலாம். அழிப்பதற்கு முன் பிரதியில் அவை ஓடுகின்றனவா என்று இன்னொருமுறை பாருங்கள்.

ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தேடுங்கள். வந்ததன் மேல் வலது கிளிக் செய்து நிர்வாகியாக ஓட்டு என்பதைத் தெரிவுசெய்யுங்கள். கறுப்புத் திரை வரும். போனில் கேட்கிறவருக்குச் சொல்வதுபோல எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன். எல்லாம் ஆங்கில எழுத்தில்.

முதல் கட்டளை டிஸ்க்கைத் திருத்துவதற்கு. சி எச் கே டி எஸ் கே என்று ஒட்டித் தட்டுங்கள். ஓர் இடைவெளி. டிஸ்க்கின் எழுத்து, அதோடு ஒட்டி முக்காற்புள்ளி, அதாவது ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ள இரட்டைப் புள்ளி. ஓர் இடைவெளி. கேள்விக்குறி இருக்கும் விசையில் உள்ள சாய்கோடு, அதோடு ஒட்டி எஃப். என்டர். இதைப் பிரதிக்கு முன் ஓட்டச் சொல்கிறவர்களும் உண்டு, நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அட்டவணை குழம்பிய டிஸ்க்கில் இந்தக் கட்டளையின் திருத்தம் என்பது சிலவேளை உங்கள் ஃபைலைப் பெயரில்லாத துண்டுகளாக ஒதுக்கிவைப்பதுதான். குழம்பியிருந்தாலும் இருந்தபடியே ஒரு பிரதி முதலில் வெளியே போய்விட வேண்டும். பிழை இருந்ததாகச் சொன்னால் கட்டளையை மறுபடி ஓட்டுங்கள், ஒன்றும் இல்லை என்று சொல்லும்வரை.

இனி மாற்றும் கட்டளை. சி ஓ என் வி ஈ ஆர் டி, கன்வர்ட். ஓர் இடைவெளி. டிஸ்க்கின் எழுத்தும் முக்காற்புள்ளியும். ஓர் இடைவெளி. சாய்கோடு, எஃப், எஸ், முக்காற்புள்ளி, என், டி, எஃப், எஸ். இவற்றுக்கிடையில் இடைவெளி கூடாது. மறுபடி ஓர் இடைவெளி. சாய்கோடு, அதோடு ஒட்டி நோசெக்யூரிட்டி என்பது ஒரே சொல்லாக. என்டர்.

கடைசிச் சொல் ஏன் என்றால், என்டிஎஃப்எஸ்ஸில் எந்த ஃபைலை யார் திறக்கலாம் என்ற அனுமதி விவரம் ஒவ்வொன்றோடும் இருக்கும். வீட்டுக்கு வீடு போகும் டிஸ்க்கில் அது தொல்லை. அந்தச் சொல்லைச் சேர்த்தால் மாற்றிய ஃபைல்கள் எல்லாருக்கும் திறக்கும்.

டிஸ்க்கின் பெயரைக் கேட்கும், தட்டுங்கள். பெயரே இல்லாத டிஸ்க் என்றால் வெறுமனே என்டர். பெயர் பிழைத்தால் கட்டளை விலகிவிடும்; அது நல்லதற்குத்தான், வேறு டிஸ்க்கில் கைவைக்காமல் காக்கிற பூட்டு அது. பிறகு ஃபைல்களைச் சோதிக்கும், எவ்வளவு இடம் தேவை என்று கணக்கிடும், மாற்றத் தொடங்கும். எவ்வளவு நேரம் என்பது ஜிபியைவிட ஃபைல்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. பெரிய கூத்து வீடியோக்கள் சில நூறு என்றால் நீங்கள் தேநீர் ஊற்றிக் குடிக்குமுன் முடியலாம். போனில் இருந்து இறக்கிய படங்கள் லட்சக்கணக்கில் இருந்தால் ஆறுதலாக இருக்க வேண்டும். நடுவில் அசையாததுபோல நிற்கும். நிற்கட்டும். வயரைத் தொடாதீர்கள், ஜன்னலை மூடாதீர்கள். மாற்றம் முடிந்தது என்று அதுவாகச் சொல்லும்.

மறுக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. டிஸ்க்கை வேறேதோ பாவிக்கிறது, வலுக்கட்டாயமாக விடுவிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, திறந்திருக்கும் ஃபோல்டர், வீடியோ பிளேயர் எல்லாவற்றையும் மூடிவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் அடுத்தமுறை கணினி தொடங்கும்போது மாற்ற ஒத்துக்கொள்ளலாம். ரோ டிரைவ் என்று சொல்லி மறுத்தால் விண்டோஸுக்கு அந்த டிஸ்க்கின் அட்டவணையே தெரியவில்லை என்று பொருள். அது வேறு நோய், இந்த மருந்து வேலை செய்யாது.

ஒன்றை மறக்காதீர்கள். இது ஒருவழிப் பாதை. என்டிஎஃப்எஸ்ஸைத் திருப்பி ஃபேட்32 ஆக்கும் கட்டளை விண்டோஸில் இல்லை, மனம் மாறினால் ஃபோர்மட்தான்.

மாற்றிய பிறகு

புரொப்பர்ட்டீஸில் என்டிஎஃப்எஸ் என்று வந்திருக்கும். ஃபைல் எண்ணிக்கையை மறுபடி பாருங்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய பெயர்கள் முன்புபோலவே புரியாத ஆங்கில எழுத்துக் கோவையாகத்தான் இருக்கும். மாற்றியதால் கெட்டதல்ல, அவை பிறந்ததே அப்படித்தான்.

விருப்பமுள்ளவர்கள் இன்னொன்றும் பார்க்கலாம். அதே கறுப்புத் திரையில் எஃப் எஸ் யூ டி ஐ எல், இடைவெளி, எஃப் எஸ் ஐ என் எஃப் ஓ, இடைவெளி, என் டி எஃப் எஸ் ஐ என் எஃப் ஓ, இடைவெளி, டிஸ்க்கின் எழுத்தும் முக்காற்புள்ளியும். வரும் பட்டியலில் ஒரு கிளஸ்டருக்கு, அதாவது டிஸ்க் இடத்தைப் பிரித்துக்கொடுக்கும் சிறு அலகுக்கு, எத்தனை பைட் என்ற வரி இருக்கும். என்டிஎஃப்எஸ்ஸில் புதிதாக ஃபோர்மட் பண்ணினால் வழக்கமாக 4096. மாற்றிய டிஸ்க்கில் சிலவேளை 512 என்று வரும். பிழையில்லை, வேலை செய்யும். ஆனால் பெரிய வீடியோக்கள் அதிகத் துண்டுகளாகச் சிதற வாய்ப்புண்டு. இரண்டாவது பிரதி ஒன்று அமைகிற காலத்தில் ஃபோர்மட் பண்ணிச் சரிசெய்துகொள்ளலாம், அவசரமில்லை.

இனி துண்டுகளை ஒட்டும் வேலை. கமரா தானாக வெட்டிய எம்டிஎஸ் ஃபைல்களையும் டிவிடியில் இருந்து எடுத்த விஓபி ஃபைல்களையும் விண்டோஸின் கொப்பி கட்டளையே ஒட்டும். சி ஓ பி வை, இடைவெளி, சாய்கோடு பி, இடைவெளி, முதல் துண்டின் பெயர், கூட்டல்குறி, இரண்டாம் துண்டின் பெயர், இடைவெளி, ஒட்டியதற்குப் புதுப் பெயர். வரிசை மாறினால் தோற்றவன் முதலில் தோற்றுவிட்டுப் பிறகு சண்டைக்கு வருவான், கவனம். எம்பி4 துண்டுகளுக்கு இது சரிவராது. அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் முதல் துண்டைத் திறந்து, மற்றவற்றைப் பின்னால் சேர்த்து, வீடியோ, ஓடியோ இரண்டையும் கொப்பி என்ற நிலையில் வைத்துச் சேமியுங்கள். மினி டிவியில் இருந்து இறக்கிய ஏவிஐ துண்டுகளுக்கு வெர்ச்சுவல்டப் நல்லது, அதிலும் நேரடிப் பிரதி என்ற நிலையில். இந்த வழிகளில் வீடியோவைத் திரும்பச் சுருக்குவதில்லை என்பதால் தரம் குறையாது. கசட்டை இறக்கும்போது துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் விடுபட்ட நொடிகள் இருந்தால் அவற்றை எதனாலும் ஒட்ட முடியாது. கசட் இன்னும் இருந்தால் அந்த இடத்தை மட்டும் மறுபடி இறக்கிச் சேர்க்கலாம். பெரியப்பாவின் கசட்டுகள் தகரப் பெட்டியில் பத்திரமாகவே இருந்தன.

ஒட்டியதை முழுக்க ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் துண்டுகளை அழியுங்கள். டிஸ்க்கை நேரே டிவியில் கொழுவி வாசிக்கவில்லை என்றால், லப்டொப்பில் கொழுவி எச்டிஎம்ஐ வயரில் டிவிக்குக் கொடுங்கள்.